வலது கதவில் ஏறுகிற டிரைவர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. பாரம் ஏற்றின வண்டி மேடு ஏறுகிற மாதிரி ஒவ்வொரு வரியும் கடைசியில் மேலே போய்விடும். ல, ள, ழ மூன்றில் எதை எங்கே போடுவது என்று இன்றைக்கும் சந்தேகம்தான். கொமரலிங்கத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு டிரிப் ஷீட்டில் கிலோமீட்டரும் கையெழுத்தும் போட்டதைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இதை எழுதச் சொன்னது என் மச்சினன் முருகேசன். திருப்பூரிலிருந்து தினமும் ஒரு டிரைவராவது போன் செய்து, வெளிநாட்டு விசாவுக்கு எப்படி மனுப் போட்டீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு நேரில் பேசவே கூச்சம். போனில் அதைவிடக் கூச்சம். "ஒருதரம் எழுதி அனுப்பிருங்க மச்சான், நான் எல்லாத்துக்கும் போட்டு உட்டறேன்" என்றான். அதனால் லோடு இறக்கக் காத்திருக்கிற நேரங்களில், பழைய டெலிவரி தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

இங்கே லிதுவேனியாவில் யார்டிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு காலையிலும் எனக்கு ஒரு கூத்து நடக்கிறது. யார்டில் என் லாரி நிற்கும். சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் போவேன், வலது பக்கக் கதவைத் திறப்பேன், மூன்று படி ஏறி உட்காருவேன், கையை முன்னால் நீட்டுவேன். ஸ்டீயரிங் இருக்காது. இந்த ஊரில் ஸ்டீயரிங் இடது பக்கம். இருபத்திரண்டு வருஷம் வலது கதவில் ஏறின உடம்புக்கு அது புரியவே மாட்டேன் என்கிறது. உடனே இறங்கினால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று, எதையோ தேட வந்தவன் மாதிரி முன்னால் இருக்கிற பெட்டியைத் திறந்து பார்ப்பேன். காலிப் பெட்டிதான். தலையை ஆட்டி, 'இருக்கிறது, இருக்கிறது' என்று திருப்தி அடைந்தவன் மாதிரி மூடிவிட்டு இறங்கிச் சுற்றி வருவேன். மூன்று மாதமாக இந்த நடிப்பு. யார்டு வாட்ச்மேன் இப்போதெல்லாம் நான் வருவதைப் பார்த்ததும் கையிலிருக்கும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றுகொள்கிறார்.

ஊரில் நான் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டிகளை ஏற்றித் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது என் வேலை. அந்தக் கம்பெனியில் எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறமாட்டேன். கதவுக்குக் கீழே தரையிலேயே கழற்றி, ஒன்றோடொன்று ஒட்டி வைத்துவிட்டு வெறும் காலோடு ஏறுவேன். வழியில் இறங்குவதற்கு வண்டிக்குள் ஒரு ரப்பர் செருப்பு உண்டு. ஊர்ச் செருப்பு ஊரிலேயே நிற்கும். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினால், கதவைத் திறந்து கால் வைக்கிற இடத்தில் சரியாகச் செருப்பு இருக்கும். வருஷக்கணக்காகச் செய்து செய்து அது அப்படியே கைக்கு வந்துவிட்டது. கேட்டில் இருந்த பெரியவர், முதலாளி போன் செய்து வண்டி எங்கே என்று கேட்டால், "செருப்பு நிக்குதுங்க, வண்டி வந்துரும்" என்பார்.

அந்த வண்டியை முதலாளி விற்றுவிட்டார். இனிமேல் வெளி ஆட்களிடம் வாடகைக்கு லாரி எடுத்துக்கொள்வதாக முடிவு. கூப்பிட்டு உட்காரவைத்து, நெம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு வயது நாற்பத்தாறு. வேறு இடங்களில் கேட்டபோது எல்லாரும் சின்ன வயது டிரைவராகப் பார்த்தார்கள். அப்போதுதான் முருகேசன் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தான். ஐரோப்பாவில் கனரக லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள், வயது நாற்பத்தேழு முடிந்திருக்கக் கூடாது. எனக்கு நாற்பத்தேழு முடிய நாலு மாதம் இருந்தது. "இந்தத் தடவை உட்டா அப்பறம் நீங்க நம்ம தெரு ஆட்டோதான் மச்சான்" என்றான். அவன் பனியன் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். எதையும் ஒரே வெட்டாக வெட்டிவிடுவான்.

ஏஜெண்ட் அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் ஏசி அறையில் உட்கார்ந்திருந்ததால் நான் அவரை அண்ணா என்றேன். அவர் என்னை டிரைவரண்ணா என்றார். இரண்டு அண்ணன்களும் உட்கார்ந்து மனுவை நிரப்பினோம். பெயர், தகப்பனார் பெயர், லைசென்ஸ் எடுத்த வருஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. படிப்பு என்கிற இடம் வந்ததும் அஞ்சாவதுங்க என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அஞ்சாவது என்று எழுதினால் அங்கே ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள், டென்த் பாஸ் என்று போட்டுவிடுவோம், சர்டிபிகேட் தன் பொறுப்பு, இன்டர்வியூவில் கேட்டால் தைரியமாகச் சொன்னால் போதும் என்றார். எனக்குத் தைரியம் என்பதே கிடையாது என்பதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் சரஸ்வதி. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வருகிற பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே ஆயில் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள். ஆரோ ஸ்டிக்கர் என்பார்கள். திருப்பூரில் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, செக்கிங் போகிற பெண்கள் இருக்கிற எல்லா வீட்டிலும் கதவில், கண்ணாடியில், குழம்புச் சட்டியில்கூட அது ஒட்டியிருக்கும். சேலையில் ஒட்டிக்கொண்டு தானாக வந்துவிடும்.

இன்டர்வியூவுக்கு என்னைத் தயார் செய்கிற பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், அவள் நாற்காலியில் அதிகாரி மாதிரி உட்காருவாள். நான் எதிரே ஸ்டூலில். முருகேசன் வேடிக்கை பார்க்கத் தரையில். அவள் கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்லவேண்டும். குரல் உள்ளே போனால் எழுந்து வந்து என் கழுத்தில் ஒரு அம்பு ஒட்டுவாள். தரையைப் பார்த்துப் பேசினால் நெற்றியில். கையைப் பிசைந்தால் கையில். முதல் ஞாயிறு முடிந்தபோது நான் திருவிழா மாடு மாதிரி இருந்தேன். "முழு பீசும் டேமேஜ் அக்கா, பண்டலோட கழிச்சு உட்ரு" என்று முருகேசன் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு ஒரு அம்பு.

வாரம் போகப்போக அம்புகள் குறைந்தன. குரல் வெளியே வந்தது. கண் நிமிர்ந்தது. கடைசியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தவறாமல் அம்பு விழுந்துகொண்டிருந்தது. படிப்பு என்ன என்று கேட்டு, டென்த் பாஸ் என்று நான் சொன்னவுடன் அவள் எழுந்து வந்து என் காதில் ஒட்டிவிடுவாள். எத்தனை முறை மாற்றிச் சொன்னாலும் அதேதான். ஏன் என்று கேட்டேன்.

"பொய் சொன்னா உங்களுக்குக் காது செவந்துக்குதுங்க. எனக்கே தெரியுது, அவியளுக்குத் தெரியாதா?"

"ஏஜெண்ட் சொல்றாருங்கறேன்."

"இந்தப் பீஸை நான் பாஸ் பண்ண மாட்டனுங்க. பிரிச்சுத் தெச்சுட்டு வாங்க."

அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டும் பரீட்சைக்கு நாள் வந்துவிட்டது. முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குள் ஒரு காலி இடத்தில் நடந்தது. லிதுவேனியாக் கம்பெனியிலிருந்தே ஒருவர் வந்திருந்தார். பெயர் ஆண்ட்ரியஸ். கதவு நிலையில் இடிக்கிற உயரம். வெயிலில் முகம் தக்காளியாகியிருந்தது. எங்கள் எட்டுப் பேரையும் வரிசையில் நிற்கவைத்து விதிகளைச் சொன்னார்கள். கட்டாயம் ஷூ போடவேண்டும், பெல்ட் போடவேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது, பின்னால் எடுக்கும்போது யாரும் கீழே நின்று வழி சொல்லக் கூடாது. கடைசி விதியைக் கேட்டதும் எங்களில் நாலு பேருக்கு வேர்த்தது. 'வரலாம் வரலாம்' என்று வண்டியைத் தட்டுகிற ஆள் இல்லாமல் அவர்கள் பின்னால் எடுத்ததே கிடையாது.

ஷூ வாங்கியிருந்தேன். வாழ்க்கையில் முதல் ஷூ. போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தபோது, போலீஸ் வந்துவிட்டது என்று முருகேசன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

என் முறை ஏழாவது. பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன், வலது கதவைத் திறந்தேன், குனிந்து ஷூவைக் கழற்றினேன், தரையில் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தேன், வெறும் காலோடு ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டேன். நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஆண்ட்ரியஸ் என் காலைப் பார்த்தார். பின்னால் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த ஏஜெண்ட்டிடம் ஏதோ கேட்டார். "ஷூ எங்கீன்னு கேக்கறாரு டிரைவரண்ணா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் ஏஜெண்ட். கீழ இருக்குதுங்க என்றேன். எதற்குக் கழற்றினாய் என்று அடுத்த கேள்வி. "வண்டிக்குள்ளங்களே" என்றேன். எனக்கு அது முழு பதில். ஏஜெண்ட் அதை நீளமாக, கையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷில் சொன்னார். என்ன சொன்னாரோ, ஆண்ட்ரியஸ் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். போச்சு என்று தெரிந்துவிட்டது. போனது போகட்டும், ஓட்டவாவது செய்வோம் என்று வண்டியை எடுத்தேன்.

பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தேன். கிளம்பின இடத்திலேயே, வரிசையாக வைத்த கூம்புகளுக்கு நடுவில், பின்னால் எடுத்து நிறுத்தவேண்டும். கண்ணாடியில் பார்த்தேன். கூம்புகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம், எது எங்கே என்றே தெரியவில்லை. ஆனால் தூரத்தில் கருப்பாக இரண்டு புள்ளி தெரிந்தது. என் ஷூ. அதைப் பார்த்ததும் வீரபாண்டிக் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கூம்பை எல்லாம் விட்டுவிட்டேன். ஷூவை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கினேன். வலது கால் வலது ஷூவுக்குள் போனது. இடது கால் இடது ஷூவுக்குள் போனது.

ஆண்ட்ரியஸ் அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து என் காலைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். பிறகு என்னை ஷூவைக் கழற்றச் சொல்லி, அதைத் தானே எடுத்துக்கொண்டு போய் வேறொரு மூலையில் வைத்தார். ஒரு கையால் மறுபடி செய் என்று காட்டினார். செய்தேன். கால் நேராக உள்ளே போனது. இன்னொரு மூலையில் வைத்தார். அதற்குள் மற்ற ஏழு டிரைவர்களும் பக்கத்துக் கம்பெனியில் டீக்கு வந்தவர்களும் கூடிவிட்டார்கள். மூன்றாவது முறை நான் இறங்கியபோது கைதட்டினார்கள். எனக்குக் கூச்சத்தில் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

ஆனால் விதி விதிதானே. ஷூ போட்டுக்கொண்டு ஓட்டிக் காட்டினால்தான் குறி மாறும் என்றார். போட்டுக்கொண்டேன். இப்போது பிரச்சினை வேறு. ஷூ என் காலில் இருந்தால், தரையில் பார்த்து வருவதற்கு எனக்கு என்ன இருக்கிறது? காலிலிருந்த ஷூவையும் காலியாகக் கிடந்த தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதருக்கு எப்படிப் புரிந்ததோ, குனிந்து தன் ஷூவைக் கழற்றிக் கூம்புகளுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார். எவ்வளவு பெரிய ஷூ! தொட்டி மாதிரி இருந்தது. சித்திரை மாதத்து முதலிபாளையம் மண்ணில் வெறும் சாக்ஸோடு நின்று, காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே கையைக் காட்டினார். அந்தக் கால் வெந்துபோகுமே என்கிற பயத்திலேயே நான் அன்றைக்கு எடுத்த மாதிரி வேகமாகவும் சுத்தமாகவும் அதற்கு முன்னாலும் எடுத்ததில்லை, பின்னாலும் எடுத்ததில்லை. அவர் பெருக்கல் குறியை அடித்துவிட்டு டிக் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். சரஸ்வதி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "காலை மறைக்காதவரு காதை எதுக்குங்க மறைக்கோணும்?"

மறுநாள் ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் போய், மாடிப்படியில் ஐந்து நிமிஷம் நின்று, பேக்கரிக்காரர் என்ன வேண்டும் என்று மூன்று முறை கேட்டபிறகு மேலே ஏறி, அஞ்சாவதுன்னே போட்டுருங்க என்றேன். அவர் கோபப்பட்டார். ஓட்டும் பரீட்சையில் ஜெயித்துவிட்டு இதில் போய்க் கெடுத்துக்கொள்கிறீர்களே என்றார். விசா வராவிட்டால் தன்னைக் கேட்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டபிறகு நான் போட்டதிலேயே நீளமான கையெழுத்து அதுதான். நாற்பத்தேழு முடிய அப்போது ஏழு வாரம்தான் இருந்தது. இது போனால் இன்னொன்று கிடையாது என்று எனக்கும் தெரியும்.

தில்லிக்குத் தனியாக ரயிலில் போனேன். தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா, இந்தப் பக்கம் நான், காதில் மாட்டிக்கொண்ட கருவியில் தமிழ் சொல்லும் ஒரு குரல். படிப்பு என்ன என்று முதலிலேயே கேட்டார்கள். அஞ்சாவதுங்க என்றேன். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், சூடு இல்லை. அந்த அம்மா அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு மாதம் உருட்டின பிரச்சினை அவருக்கு ஒரு வரிகூட இல்லை. பிறகு, நாங்கள் பழகாத ஒரு கேள்வி கேட்டார். பனியில் சாலை மூடி இரண்டு நாள் நிற்கவேண்டி வந்தால் என்ன செய்வாய்? நிற்பேன் என்றேன். நின்றுகொண்டு என்ன செய்வாய் என்றார். தூத்துக்குடியில் கேட்டுக்கு வெளியே மூன்று நாளெல்லாம் நின்றிருக்கிறேன், சோறாக்குவேன், துணி துவைப்பேன், முன்னாலும் பின்னாலும் நிற்கிற டிரைவர்களுக்கும் சேர்த்து ஆக்குவேன், நிற்பதும் எங்களுக்கு வேலைதான் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். நான் வாழ்க்கையில் முன்பின் தெரியாதவரிடம் பேசின நீளமான பேச்சு அது.

பதினெட்டு நாளில் விசா வந்தது. பாஸ்போர்ட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை சரஸ்வதி செக்கிங் டேபிளில் வைக்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே, கீழே, ஓரம். அப்புறம் பாஸ் என்றாள். பெட்டி கட்டும்போது எந்தப் பையில் மாத்திரை, எதில் பருப்புப்பொடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு ஒட்டினாள். மிச்சமிருந்த ஒரு பட்டை அம்பை பாஸ்போர்ட் உறைக்குள் சொருகினாள்.

இங்கே வந்ததும் நேராக லாரி கொடுத்துவிடவில்லை. ஒன்றரை மாதம் வகுப்பில் உட்காரவைத்தார்கள், கடைசியில் பரீட்சை. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் படித்த ஆறாம் வகுப்பு அது. அதில் தேறின பிறகு பழக்கிவிட ஜோனஸ் என்கிற டிரைவரோடு அனுப்பினார்கள். அறுபது வயது, வெள்ளை மீசை, எண்ணி எண்ணித்தான் பேசுவார். எனக்குப் பிடித்துவிட்டது, நானும் அப்படித்தானே.

முதல் நாள் நான் வழக்கம்போல வலது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். கையை நீட்டினேன், ஒன்றுமில்லை. திரும்பினால் ஜோனஸ் கீழே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவறாக ஏறிவிட்டேன் என்று சொல்ல இங்கிலீஷும் வரவில்லை, வாயும் வரவில்லை. சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, சுற்றிப் போய் இடது பக்கம் ஏறி வண்டியை எடுத்துவிட்டார். கடல் தாண்டி டிரைவர் வேலைக்கு வந்த நான், முதல் நாள் முழுக்கக் கிளீனர் இடத்தில் உட்கார்ந்து காடு பார்த்துக்கொண்டு போனேன். மறுநாள் ஆபீசில் எல்லாரும் என்னிடம் நெம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது. வயதில் மூத்தவர்தான் முதலில் ஓட்டவேண்டும் என்பது இந்தியாவில் வழக்கம் போலிருக்கிறது, இந்த ஆள் வாயே திறக்காமல் எனக்கு இடம் விட்டான் என்று ஜோனஸ் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் அதை மறுக்கவில்லை. இன்றுவரை மறுக்கவில்லை.

இரண்டாம் நாளும் வலது கதவில்தான் ஏறினேன். ஆனால் இந்த முறை ஜோனஸ் வருவதற்குள் உள்ளுக்குள்ளேயே தாண்டி இடது சீட்டுக்குப் போய், ஒன்றும் நடக்காத மாதிரி பெல்ட் போட்டுக்கொண்டேன். ஜோனஸ் பின்னாலேயே, காலை இருட்டில் கீழே எதையும் கவனிக்காமல், வலது பக்கம் ஏறினார், நல்லது என்று அர்த்தம் வருகிற 'கெராய்' என்கிற சொல்லைச் சொன்னார், மரப்பலகை லோடோடு துறைமுகத்துக்குக் கிளம்பினோம். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. ஹாரன் அடிக்க ஒரு ஆடு மாடு இல்லை. மூன்று மணி நேரம் கழித்து கேட்டில் நிறுத்தி இறங்கச் சொன்னபோதுதான் காலைப் பார்த்தேன். இரண்டு கம்பளி சாக்ஸ். ஷூ இல்லை. அது யார்டில், நான் ஏறின வலது கதவு இருந்த இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டி, பத்திரமாக நிற்கிறது.

கேட்டில் இருந்தவர் ஷூ இல்லாதவன் உள்ளே வரக் கூடாது என்றார். இந்தப் பனியில் வெறும் காலோடு ஒரு இந்தியன் லாரியில் வந்திருக்கிறான் என்று அவர் உள்ளே போய் இன்னொருவரையும் கூப்பிட்டுவந்து காட்டினார். அவமானத்தில் எனக்குக் காது எரிந்தது. சரஸ்வதி இருந்திருந்தால் இரண்டு காதிலும் அம்பு ஒட்டியிருப்பாள். இதற்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், விசாவே போய்விடும் என்றெல்லாம் மனது ஓடியது. ஜோனஸிடம் கையைக் காட்டி, கழற்றுவதுபோல, கீழே வைப்பதுபோல, ஏறுவதுபோல நடித்தேன். அவர் புரியாமல் பார்த்தார். இன்னொருமுறை நடித்தேன். புரிந்துவிட்டது. அந்தப் பேசாத மனிதர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு தன் காலைத் தூக்கிக் காட்டினார். அவர் காலில் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. சீட்டுக்குக் கீழே ஒரு தட்டு, அதில் பழைய செய்தித்தாள், அதன்மேல் அவருடைய ஷூ.

இவர்களும் கழற்றுகிறார்கள்! வண்டிக்குள் ஷூ போட்டுக்கொண்டு ஏறினால் ஜோனஸுக்கும் பிடிக்காதாம். ஒரே ஒரு வித்தியாசம். நாங்கள் வாசலில் விட்டுவிட்டு ஏறுகிறோம். இவர்கள் கழற்றியதையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள். இங்கே வண்டி கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும் என்று யாரும் சொல்லமுடியாது. இன்றைக்கு இந்த நாடு, நாளைக்குப் போலந்து, அடுத்த வாரம் ஜெர்மனி. செருப்பை நம்பிக் கேட்டில் ஒரு பெரியவரை உட்காரவைக்க முடியாது. ஜோனஸ் தன்னுடைய பழைய பூட்ஸை எனக்குக் கொடுத்தார். நடந்தால் எனக்குப் பின்னால் அரை விநாடி கழித்து அது வந்தது. லோடு இறங்கியது.

திரும்பி வந்தபோது யார்டில் என் ஷூ அப்படியே நின்றது. யாரும் தொடவில்லை. மேலே மாவு தூவின மாதிரி பனி. கண்ணாடியில் அதைப் பார்த்ததும் எனக்குள் பழைய டிரைவர் எழுந்துவிட்டான். ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தினேன். சரியாக நின்றது என்று எனக்குத் தெரியும். பெருமையோடு கதவைத் திறந்து காலைக் கீழே விட்டேன். வெறும் பனி. வலது கதவுக்குத்தானே ஷூ நின்றது. அந்தப் பக்கம் இறங்கினவர் ஜோனஸ். ரப்பர் செருப்பை உதறிவிட்டு இறங்கின அவருடைய வலது கால் என் ஷூவுக்குள் பாதி போய் மாட்டிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெல்கம் ஹோம்" என்றேன். அது எனக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. ஜன்னலில் வாட்ச்மேன் காப்பியைக் கொட்டிவிட்டார்.

மறுநாள் பாஸ்போர்ட் உறையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து, லாரியின் இடது கதவில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இந்தப் பக்கம் ஏறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காக. ஜோனஸ் அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கி, தன் காப்பிக் குடுவையில் ஒட்டிக்கொண்டார். குடுவையில் என்ன குறை என்று அவரிடம் கேட்க எனக்கு பாஷை போதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் சரஸ்வதியோடு பேசினேன். பின்னால் முருகேசன் எட்டிப் பார்த்தான். "உங்க தேஞ்ச செருப்பை அக்கா வாசல்ல இருந்து எடுக்கவே உட மாட்டீங்குது மச்சான். பக்கத்துல ஆரோ ஸ்டிக்கர் வேற ஒட்டி வெச்சிருக்குது. ஊட்டுக்கு வர்றவியெல்லாம் டேமேஜ் பீசான்னு கேக்கறாங்க." சரஸ்வதி அவனை அப்பால் தள்ளினாள்.

"கூட்டும்போது யாராச்சும் நகத்தீட்டா?" என்றாள். "நீங்க வந்து எறங்கறப்ப எடம் மாறியிருக்கக் கூடாதுங்களே."

போனைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். வாசற்படிக்குக் கீழே என் செருப்பு, ஒன்றோடொன்று ஒட்டி, நான் விமானத்துக்குக் கிளம்பின அன்று கழற்றி வைத்த இடத்திலேயே. பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு. நான் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். எனக்குப் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும்.

இன்று காலையிலும் வலது பக்கம்தான் போனேன். கதவைத் திறந்தேன், ஏறினேன், காலிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், வாட்ச்மேனுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு இறங்கி, அம்பு இருக்கிற பக்கம் வந்தேன். ஷூவைக் கழற்றி செய்தித்தாள்மேல் வைத்துக் கூடவே எடுத்துக்கொண்டேன். கிளம்புவதற்கு முன்னால் பின்கண்ணாடியைச் சரிசெய்தேன். எவ்வளவு தூரம் பின்னால் எடுத்தால் ஊரில் அந்த வாசற்படிக்குக் கீழே நிற்கிற செருப்புக்குள் கால் நேராக இறங்கும் என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். கண்ணாடியில் தெரிகிற தூரம் இல்லை. ஆனால் இடம் தெரியும்.

தை மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.